அகலம் இங்கே, காட்சி அங்கே

உள்ளறையிலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. பிறகு 'டக்'. பிறகு இன்னொரு 'கர்ர்ர்', முன்னதைவிடப் பலவீனமாக. அப்புறம் ஒன்றுமில்லை.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

"போயிடுச்சா?"

உள்ளே ஒரு பொத்தானை நாலைந்து முறை அழுத்தும் சத்தம் கேட்டது.

"போயிடுச்சான்னு கேட்டேன்."

"உயிர் இருக்கு," என்றது உள்ளறை. "வாய்தான் திறக்க மாட்டேங்குது."

"மணி பத்து ஐம்பது. பதினோரு மணிக்கு அவங்க வந்து நிப்பாங்க."

"தெரியும்."

"தலையில ஒண்ணு போட்டுப் பாருங்களேன்."

"போட்டாச்சு."

"என் பங்குக்கு நானும் வந்து ஒண்ணு போடட்டுமா?"

உள்ளறையில் தரையில் மண்டியிட்டு, ஒரு கருப்புப் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வயது ஐம்பத்து நாலு. அலுவலகத்தில் அவருக்கு 'நிமிஷம்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதை வைத்து யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்து போன அவருடைய மேலதிகாரியே, "நிமிஷம் சார் இருக்காரா?" என்று கேட்டபோது, "இருக்காரு, ஆனா இன்னும் ஒரு மணி நேரத்துக்கு வெளியே வர மாட்டாரு" என்று மனைவி பதில் சொன்னதாக வரலாறு.

நிமிஷம் வேலை பார்ப்பது மருந்துக் கம்பெனியின் பொட்டலப் பிரிவில். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு சீட்டு, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவார்களே, அதைப் படிப்பதுதான் அவர் வேலை. ஒரே மாத்திரை பதினாலு நாடுகளுக்குப் போகிறது. எந்த நாட்டுப் பெட்டிக்குள் எந்த நாட்டுச் சீட்டு என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாட்டுச் சீட்டில் 'தலைச்சுற்றல் வரலாம்' என்றிருக்கும். இன்னொரு நாட்டில் 'வாகனம் ஓட்டக் கூடாது'. மூன்றாவது நாட்டுச் சீட்டில் தலையைப் பற்றிய பேச்சே இருக்காது. அந்த நாட்டுக்காரர்களுக்குத் தலை சுற்றாது என்று மேலே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். இருபத்தாறு வருடமாக வெள்ளை விளக்கின் கீழே இரண்டு சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, ஒரு பொருளைத் தனியாகப் பார்க்கும் சக்தியே அவர் கண்ணுக்கு இல்லாமல் போனது. சம்பந்தி வீட்டில் அவரிடம் காபி கொடுத்தால், இன்னொரு டம்ளர் எங்கே என்று தேடுவார்.

அப்படிப்பட்டவர் கையில் விதி ஒரு சினிமா டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தது. விதிக்கு வேறு வேலை இல்லை.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், வெளிநாடு போய் வந்த சக ஊழியர் ஒருவர் சாக்லெட்டுக்குப் பதிலாக ஒரு வெளிநாட்டுப் படத்தின் டிவிடியைக் கொடுத்தார். அதே படம் ஏற்கெனவே உள்ளூரில் வாங்கியது வீட்டில் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒன்றை யாருக்காவது தள்ளிவிட்டிருப்பார்கள். நிமிஷம் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உள்ளூர் டிஸ்க் நூற்றுப் பதினெட்டு நிமிடம். வெளியூர் டிஸ்க் நூற்றிருபத்து நாலு.

"அந்த ஆறு நிமிஷம் எங்க போச்சு?" என்று அவர் மனைவியிடம் கேட்டார்.

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க, நானா எடுத்தேன்?" என்றாள் அவள்.

கல்யாணமான புதிதில்கூட அவர் தன்னை அவ்வளவு கலக்கத்தோடு பார்த்ததில்லை என்று பின்னாளில் அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள்.

அந்த ஆறு நிமிடத்தைத் தேடிப் போன மனிதர் திரும்பி வரவேயில்லை. சினிமாக் கம்பெனிகள் உலகத்தை ஆறு பகுதிகளாக வெட்டி வைத்திருப்பதையும், ஒரு பகுதியில் விற்கும் டிஸ்க் இன்னொரு பகுதிப் பெட்டியில் பாடாது என்பதையும், ஒரு நாட்டில் செத்துப்போகும் கதாநாயகி பக்கத்து நாட்டில் பிழைத்துக்கொள்வதையும் தெரிந்துகொண்டார். எல்லாப் பகுதி டிஸ்க்கையும் தின்னும் கருப்புப் பெட்டி ஒன்றை வாங்கினார். இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, எந்த நாட்டு டிஸ்க்கில் எத்தனை வினாடி குறைகிறது என்று எழுதிப் போட்டார். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும், அவள் கட்டில் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டு, அறை முழுக்க அலமாரிகள் வந்தன. மாதத்துக்கு இருநூறு பேர் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய பெருமை. அதில் நூற்றைம்பது பேர் வேறு எதையோ தேடி வழி தவறி வந்தவர்கள் என்பது மகளுடைய கணிப்பு.

இடையில் ஒரு பெரிய சறுக்கலும் உண்டு. ஒரு குறிப்பிட்ட நாட்டின் டிஸ்க்குகள் அத்தனையிலும் படம் நாலைந்து நிமிடம் குறைவாக இருப்பதை நிமிஷம் கண்டுபிடித்தார். பதினோரு படங்கள், பதினொன்றிலும் வெட்டு. அந்த நாட்டுக் கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் காரசாரமாகக் கடிதம் எழுதினார். கலையைக் கொல்லாதீர்கள் என்று முடித்திருந்தார். இரண்டு வரியில் பதில் வந்தது. எதுவும் வெட்டப்படவில்லை, எங்கள் நாட்டு டிவி முறைக்காகப் படம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

"அதானே," என்றாள் மனைவி. "அவங்களுக்குப் படம் முடிஞ்சதும் வேற வேலை இருக்கும்."

இந்த ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருவதற்குக் காரணமும் அந்த இணையப் பக்கம்தான். எப்போதோ ஒரு வெளிநாட்டு டிஸ்க்கைப் பற்றி அவர் எழுதிய ஒரு வரி: 'இந்நாட்டுப் பதிப்பில் மட்டும் ஒரு கூடுதல் காட்சி உள்ளது. துறைமுகச் சமையலறை. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. கதைக்குத் தேவையில்லாதது.'

எழுதியவர் அதை மறந்துவிட்டார். ஆனால் இதே ஊரின் மறுகோடியில் ஒருவர் அதைப் படித்துவிட்டு, போன் செய்தார். எடுத்த எடுப்பில் சொன்னார்: "சார், அந்தச் சமையலறையில நிக்கிறது நான்தான்."

சரியாகப் பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது.

வந்தவர் துறைமுகக் கேன்டீனில் முப்பது வருடம் சமையற்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். உறவுக்காரர்கள் வைத்த பெயர் 'ஹீரோ'. பாராட்டி வைத்த பெயர் இல்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுப் படக் குழு துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, கேன்டீனில் நின்ற இவரைப் பிடித்து ஒரு காட்சியில் நடிக்க வைத்தார்கள். மூன்று வசனம். படம் இங்கே வெளியானபோது சொந்தக்காரர்கள் பதினேழு பேரைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனார். படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். பதினேழு பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அந்தக் காட்சி படத்தில் இல்லை. அன்றிலிருந்து அவர் ஹீரோ.

இன்றைக்கு முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டன் வரை மாட்டி, தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும் அளவுக்கு மழமழவென்று சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். தான் போய்ப் பார்ப்பது டிஸ்க்கை என்பதை மறந்து, டிஸ்க் தன்னைப் பார்க்கப் போகிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

பின்னாலேயே அவர் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் ஊருக்கு அவர் சிஸ்டர்தான். கைப்பையை மடியில் வைத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வார்டைச் சுற்றிப் பார்ப்பது போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எத்தனை படம் இருக்கு இங்க?"

"படம் நாற்பத்தொண்ணு," என்றார் நிமிஷம். "டிஸ்க் முன்னூத்தி அறுபது."

சிஸ்டர் ஒரு நொடி கணக்குப் போட்டார். "அப்ப ஒவ்வொண்ணையும் ஒம்போது தடவை வாங்கியிருக்கீங்க."

"ஒவ்வொண்ணும் வேற வேறம்மா."

"என்ன வேற?"

"நீளம் வேற, அகலம் வேற, சில நாட்டுல முத்தம் இருக்கும், சில நாட்டுல சண்டை இருக்கும்."

"எங்க வீட்டுல ரெண்டாவதுதான்," என்றபடி மனைவி காபித் தட்டோடு வந்தாள். சிஸ்டர் முதல்முறையாகச் சிரித்தார். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வியாதிக்காக ஒரே வரிசையில் காத்திருக்கும் நோயாளிகளின் உறவினர்கள் பார்த்துக்கொள்வார்களே, அப்படி.

சிஸ்டர் காபியைக் கையில் எடுக்காமல் பேசினார். "நான் இவர்கிட்டத் தெளிவா சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். ஒரே ஒரு தடவை வருவேன். இவரு அதுல இருந்தா, வாழ்நாள் முழுக்க யார்கிட்ட வேணா சொல்லட்டும். இல்லேன்னா இந்தப் படம்ங்கற வார்த்தையே இனிமே என் காதுல விழக் கூடாது. பேரன் கேட்டாலும் சரி, பத்திரிகைக்காரன் வந்தாலும் சரி."

"அதானே நியாயம்," என்றார் ஹீரோ, முப்பத்தைந்து வருடமாகப் பத்திரிகைக்காரன் எவனும் வராத தைரியத்தில். பிறகு நிமிஷத்தைப் பார்த்தார். "போடலாமா சார்?"

நிமிஷம் தொண்டையைச் செருமினார். கருப்புப் பெட்டி காலையில்தான் போய்ச் சேர்ந்த விஷயத்தைச் சொன்னார். எல்லா நாட்டு டிஸ்க்கையும் பாடும் பெட்டி இந்த வீட்டில் அது ஒன்றுதான் என்றார். அக்கம்பக்கத்துப் பெட்டிகள் நம் பகுதி டிஸ்க்கை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும் என்றார். புதிதாக வாங்கலாமென்றால் கடைசியாக அதை விற்ற கடையில் இப்போது போன் உறை விற்கிறார்கள் என்றார்.

ஹீரோ கழுத்துப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரி, வாங்க," என்று சிஸ்டர் எழுந்தார். "வந்தோம், பார்த்தோம்."

"பாக்கலையே," என்றார் ஹீரோ மெதுவாக.

"அதான் சொல்றேன்."

"கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு," என்றாள் நிமிஷத்தின் மனைவி.

நிமிஷம் அவளைப் பார்த்த பார்வையில் கட்டிய தாலிக்கு எந்த மதிப்பும் இருக்கவில்லை.

கம்ப்யூட்டர் இருந்தது உண்மை. அதில் டிஸ்க் போடும் டிரைவ் இருந்ததும் உண்மை. அந்த டிரைவையும் பகுதி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஐந்தே ஐந்து முறை. ஐந்தாவது முறை எந்தப் பகுதிக்கு மாற்றுகிறோமோ, சாகும்வரை அது அந்தப் பகுதிக்காரன்தான். முதல் மாற்றத்தை நிமிஷம் ஒரு வெளிநாட்டு டிஸ்க்குக்காகச் செய்தார். இரண்டாவது, திரும்பி வருவதற்கு. மூன்றாவதைச் செய்தவன் மச்சான். லீவுக்கு வந்தவன், அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்த டிஸ்க்கைப் போட்டு, கம்ப்யூட்டர் என்ன கேட்கிறது என்று படித்துக்கூடப் பார்க்காமல் 'ஆமாம்' என்று அழுத்தினான். நாலாவது, அந்தப் பாவத்தைத் துடைப்பதற்கு. மச்சானோடு பேச்சு நின்று ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு கல்யாணத்தில் எதிரெதிர் பந்தியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவர் வழியாக உப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

மிச்சம் ஒன்று. அந்த ஒன்றை அவர் ஒன்பது வருடமாகக் காப்பாற்றி வருகிறார். எதற்காக என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இருக்கிறது என்ற நினைப்பே அவருக்குத் தெம்பு.

இதையெல்லாம் விருந்தாளிகளிடம் சொல்ல முடியுமா? எனவே அவர் தன்னிடம் இருந்த இன்னொரு உண்மையை எடுத்தார். உண்மைகள் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து வைத்திருப்பவருக்கு இது ஒரு வசதி.

"நீங்க அந்தக் காட்சியில எந்தப் பக்கம் நின்னீங்க?"

"இடது பக்கம்," என்றார் ஹீரோ. "ஓரமா. அடுப்பு அங்கதான் இருந்துச்சு."

"அதான் பயந்தேன்." நிமிஷம் மேசையிலிருந்த செய்தித்தாளை விரித்துப் பிடித்தார். "இதுதான் தியேட்டர்ல காட்டின அகலம். நம்ம நாட்டு டிஸ்க்குல இந்த அகலம் அப்படியே இருக்கு. ஆனா உங்க காட்சி இல்ல. அந்த நாட்டு டிஸ்க்குல காட்சி இருக்கு. ஆனா அப்போ டிவி எல்லாம் சதுரமா இருந்துச்சா, அதுக்கு ஏத்த மாதிரி ரெண்டு பக்கமும்…" என்று தாளின் இரண்டு ஓரத்தையும் மடித்தார். "அகலம் இங்க இருக்கு, காட்சி அங்க இருக்கு."

"ஓரத்துல நின்னவரு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"மடிப்புக்குள்ள."

ஹீரோ எழுந்து வந்து, நிமிஷத்தின் கையிலிருந்த தாளின் இடது மடிப்பை விரலால் லேசாகத் தூக்கி உள்ளே பார்த்தார். அங்கே நேற்றைய வானிலை அறிக்கைதான் இருந்தது.

"ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க," என்று மனைவி நிமிஷத்தைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்பது மரியாதைக்காக. முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எதுக்கு வெச்சிருக்கீங்க அந்த அஞ்சாவதை?"

"ஒரு அவசரத்துக்கு."

"இதைவிட என்ன அவசரம் வரப் போகுது? டிஸ்க் பாக்கணும்னு ஆம்புலன்ஸ்ல ஆள் வருவாங்களா?"

"மாத்திட்டா அவ்வளவுதான். நம்ம நாட்டு டிஸ்க் எதுவும் இனிமே இந்த வீட்டுல பாடாது."

"அப்பாடா."

"வெளையாட்டு இல்ல. மாத்தியும் அவரு தெரியலேன்னா? அந்தம்மா முன்னாடி அவருக்கு இன்னும் கேவலம்."

"நீங்க அந்தக் காட்சியைப் பாத்தீங்கதானே? எழுதியிருக்கீங்களே."

"பாத்தேன்."

"அதுல யாராவது சமையல்காரன் இருந்தானா, இல்லையா?"

நிமிஷம் வெங்காயத்தைப் பார்த்தார். வெங்காயம் உதவிக்கு வரவில்லை.

"என்ன பாத்தீங்க?"

"நேரம்."

"அது ஓடற ஒண்ணே முக்கா நிமிஷமும்?"

"கீழ மூலையில நம்பர் ஓடும். அதைப் பாத்துக்கிட்டிருந்தா படத்தைப் பாக்க முடியாது. ஒரு வினாடி தப்பிடும்."

மனைவி அடுப்பை அணைத்தாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் குரலை உயர்த்திய சந்தர்ப்பங்கள் உண்டு, அப்போதெல்லாம் அவர் பயந்ததில்லை. இப்போது அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மனுஷன் ஷேவ் பண்ணிட்டு வந்திருக்காருங்க."

நிமிஷம் இரண்டு வினாடி நின்றார். இதை அளந்தவர் யாருமில்லை, நம்பித்தான் ஆக வேண்டும். பிறகு போய் அலமாரியின் நாலாவது தட்டிலிருந்து அந்த டிஸ்க்கை எடுத்தார்.

நாலு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். ஹீரோவுக்கும் சிஸ்டருக்கும் நாற்காலி. மனைவி மகளின் கட்டில் விளிம்பில். டிஸ்க் உள்ளே போனது. திரையில் ஒரு கட்டம் வந்தது. மீதமுள்ள மாற்றங்கள்: ஒன்று. இதற்குப் பிறகு மாற்ற முடியாது. நிச்சயமாகத்தானா?

கம்ப்யூட்டர் இவ்வளவு கரிசனத்தோடு கேட்டதை, அவருடைய கல்யாணத்தின்போது யாரும் கேட்கவில்லை. நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்' என்று அழுத்தினார். அந்தக் கணத்தில் மச்சானின் முகம் அவருக்குள் தோன்றி மறைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

டிரைவ் விசும்பியது. படம் வந்தது. நிமிஷம் காட்சிக்கு நேராகப் போனார். எங்கே என்று அவருக்கு மனப்பாடம்.

ஒரு சமையலறை. கதவைத் தள்ளிக்கொண்டு, படத்தில் வரும் கடத்தல்காரன் ஓடி வருகிறான். நடுவில் நிற்கிறான், மூச்சு வாங்குகிறான். யாரோ அவனிடம் பேசுகிறார்கள். அந்த நாட்டு மொழியில் யாரோ ஒரு தடித்த குரல்காரர் டப்பிங் பேசியிருந்தார். பேசுகிறவர் திரையில் இல்லை. கடத்தல்காரன் இடது ஓரத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறான்.

"என்கிட்டதான் பேசறான்," என்றார் ஹீரோ. "நான் சொல்றேன், உள்ள போயிடு, யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்னு."

"அது உங்க குரல் இல்லையே," என்றார் சிஸ்டர்.

"மாத்திட்டாங்க."

"ஆளையும் மாத்திட்டாங்களா?"

திரையின் இடது விளிம்பில் ஒரு முழங்கை வந்து போனது. பிறகு ஒரு கை. மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைத் துணி, அதற்குக் கீழே கை, கையில் கரண்டி. கை கிண்ணத்தில் சூப்பை ஊற்றியது. கடத்தல்காரன் குடித்தான். கதவு தட்டும் சத்தம். அவன் பின்வாசல் வழியாக ஓடினான். காட்சி முடிந்தது.

ஹீரோ திரையை நோக்கிக் கையை நீட்டினார். "அது நான்தான்."

"கை யாருக்குத்தான் இல்ல," என்றார் சிஸ்டர். ஆனால் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவை போடுங்க."

நிமிஷம் போட்டார். இந்தத் தடவை, பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, மூலையில் ஓடும் எண்ணை விட்டுவிட்டு அவரும் படத்தைப் பார்த்தார். பார்க்கத் தெரியாதவர் பார்ப்பது போல வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். கை வந்தது. சூப்பை ஊற்றியது. ஊற்றிவிட்டுப் பாத்திரத்து மூடியின் மேல் கரண்டியை வைத்தது.

"நிறுத்துங்க," என்றார் சிஸ்டர்.

நிமிஷம் நிறுத்தினார்.

சிஸ்டர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு நாடி பிடித்துப் பார்த்த முகம். நம்பிக்கை கொடுத்தும் பழக்கமில்லை, எடுத்தும் பழக்கமில்லை.

"கரண்டியைக் கவுத்து வெச்சிருக்கு."

யாருக்கும் புரியவில்லை.

"நல்லாப் பாருங்க. குழிப் பக்கம் கீழ. எந்த நாட்டுலயாவது, எந்த மனுஷனாவது சூப் கரண்டியை மூடி மேல கவுத்து வெப்பானா? வெச்சா என்னாகும்? சொட்டும். சொட்டினா மூடி பாழு, மேடை பாழு, கீழ தரையும் பாழு. எத்தனை வருஷமா கத்தறேன். இன்னிக்குக் காலையிலகூடத் துடைச்சிட்டுத்தான் வர்றேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஒரு புத்தி உலகத்துல வேற யாருக்கும் கிடையாது. இவருதான்."

ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் இவ்வளவு உறுதியாக இதுவரை சான்று கொடுத்தது மரணத்துக்கு மட்டும்தான்.

ஹீரோ அழுதார். முகத்தை மறைக்காமல், மூக்கை உறிஞ்சாமல், தாடையிலிருந்த இரண்டு வெட்டுக்காயங்களிலும் கண்ணீர் பட்டு எரிய எரிய அழுதார். அந்த அழுகையை எந்த நாட்டு டிஸ்க்கிலும் பாதியாக வெட்டியிருப்பார்கள், அவ்வளவு நீளம். இங்கே வெட்டுவதற்கு ஆளில்லை. சிஸ்டர் அவருக்குக் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, "மூக்கைச் சிந்துங்க" என்றார்.

காட்சி மேலும் நாலு முறை ஓடியது. ஒரு முறை சிஸ்டரே கேட்டு வாங்கினார். ஒரு முறை, ஒலியை அடைத்துவிட்டு, ஹீரோ தன் வசனத்தைத் தானே பேசினார். தடித்த குரல்காரரைவிட இவர் எவ்வளவோ மேல் என்று நிமிஷத்தின் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

காபி ஆறிப்போய் இரண்டாம் முறை வந்தது. அப்போதுதான் ஹீரோ தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"சார், ஒரு விஷயம். நீங்க எழுதினதுல கடைசியில 'கதைக்குத் தேவையில்லாதது'ன்னு ஒண்ணு…"

"தேவையில்லாததுதாங்க," என்றார் நிமிஷம். "வர்றான், சூப் குடிக்கிறான், போறான். அவன் குடிக்கலேன்னாலும் அடுத்த காட்சியில மாட்டிக்கப் போறான்."

மனைவி அவரைப் பார்த்தாள்.

"இல்ல, அளந்து எழுதினதை மாத்த முடியாது," என்றார் அவர். மாத்திரைச் சீட்டில் இருபத்தாறு வருடம் கையெழுத்துப் போட்டவர் பிடிவாதம் அது. "கீழ ஒரு வரி சேர்க்கலாம். 'இடது ஓரத்தில் தெரியும் கை, இந்த ஊர்த் துறைமுகக் கேன்டீன் சமையற்காரருடையது.' போதுமா?"

"சரிபார்த்தது மனைவின்னும் போடுங்க," என்றார் சிஸ்டர். "இல்லேன்னா எவன் நம்புவான்."

நிமிஷம் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். சமையற்காரரின் மனைவியா, வெறும் மனைவியா என்று சந்தேகம் கேட்டு, முதலாவதையே குறித்துக்கொண்டார். விருந்தாளிகள் எழுந்தார்கள்.

வாசலில் நின்றபடி சிஸ்டர் திடீரென்று புருஷன் பக்கம் திரும்பினார். "மூணு வசனம்னுதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க இத்தனை வருஷமா? ரெண்டுதான் வந்துச்சு."

"மூணுதான்," என்றார் ஹீரோ. "கடைசியா ஒண்ணு உண்டு. வெட்டியிருக்கான்."

"வேற நாட்டு டிஸ்க்குல இருக்கலாம்," என்று நிமிஷம் ஆரம்பித்தார். "நாலாம் பகுதியில ஒரு பதிப்பு வந்ததா கேள்வி, மூணு வினாடி அதிகம்னு…"

"போதும்," என்றார்கள் இரண்டு பெண்களும் ஒரே குரலில்.

சிஸ்டர் நிமிஷத்தின் மனைவியின் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, படியில் இறங்கினார். ஹீரோ பின்னால். முதல் திருப்பத்தில் அவர்கள் மறைந்த பிறகும் பேச்சு மேலே கேட்டது.

"கைப்பிடியைப் புடிச்சு எறங்குங்க. அந்த மூணாவது என்ன?"

"எந்த மூணாவது?"

"வசனம். வெட்டிட்டான்னு சொன்னீங்களே. என்கிட்ட நீங்க அதைச் சொன்னதே இல்லையே."

"நீ எங்க கேட்ட?"

"இப்பக் கேக்கறேன். நின்னு, ஒழுங்கா, நடிச்சுச் சொல்லுங்க."

படியில் காலடிச் சத்தம் நின்றது. ஹீரோ தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. நிமிஷம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ள வாங்க," என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அது அவங்க ரெண்டு பேர் சமாச்சாரம்."

கதவைச் சாத்தினாள்.